குடையும் குரங்கும்: சிபில் வெத்தசிங்கவின் சித்திரக் கதைகளும் வாவிக்கரைச் சிறுவர் இலக்கியமும்

சிறுவர் இலக்கியம் பற்றி நம்மிடையே நிகழும் பேச்சுக்கள் பெரும்பாலும் அறவுரையிலே தொடங்கி அறவுரையிலேயே முடிவடைவன. குழந்தைக்கு எது நல்லது என்ற வினா ஓயாது எழுப்பப்படுகின்றது. ஆனால், அதன் கையிலுள்ள நூல் எத்தகைய நிலைமைகளில் உற்பத்தியாயிற்று, எத்தகைய சமூக உறவுகளை அது இயல்பானவையாகக் காட்டுகின்றது என்ற வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்விரு வினாக்களையும் முன்வைத்து, சிங்களச் சிறுவர் இலக்கியத்தின் முதன்மையான ஆளுமைகளுள் ஒருவரான சிபில் வெத்தசிங்கவின் (1927–2020) ஆக்கங்களை மட்டக்களப்பு வாவிக்கரையிலே நின்று நோக்க விழைகின்றோம். அண்டை மொழியின் ஆக்கமொன்றை ஆராய்வது நமது நிலையை நாமே அறிந்து கொள்வதற்கும் ஒரு வழியாகும்.

காலியை அடுத்த கிந்தோட்டைக் கிராமத்திலே பிறந்த வெத்தசிங்க, முறையான ஓவியப் பயிற்சி பெறாதவர். சிங்களப் பத்திரிகைகளில் ஓவியராகப் பணியாற்றியவர். 1956இல் நூலுருப் பெற்ற ‘குட ஹொரா’, அதாவது குடைக் கள்வன், அவரது புகழுக்கு அடிப்படையாயிற்று. அதன் கதை எளியது. குடையையே கண்டறியாத கிராமம் ஒன்று. மழை வந்தால் மக்கள் வாழையிலையாலும் சேம்பிலையாலும் தலையை மறைத்துக் கொள்கின்றனர். கிரி மாமா என்பவர் நகரத்திற்குச் சென்று குடையொன்றை வாங்கி வருகின்றார். ஊர் திரும்பியதும் கடையொன்றிலே கோப்பி குடிக்க அமர்கின்றார். வெளியே வைத்த குடை களவு போகின்றது. மீண்டும் மீண்டும் வாங்குகின்றார். மீண்டும் மீண்டும் களவு. ஈற்றில் குடை மடிப்பினுள்ளே கடதாசித் துண்டுகளை இட்டு வைத்து, அவை சிந்திய தடத்தைப் பின்பற்றிச் சென்று, மரமொன்றிலே குடைகள் யாவும் தொங்குவதைக் காண்கின்றார். கள்வன் ஒரு குரங்கு. ஒரு குடையை அதற்கென விட்டுவிட்டு, ஏனையவற்றைக் கொண்டுவந்து ஊரிலே குடைக்கடை திறக்கின்றார்.

குழந்தை சிரித்து மகிழும் இக்கதையினுள்ளே பொருளாதார வரலாறு ஒன்று சுருங்கிக் கிடப்பதைக் காணலாம். இலை மழைக்கு உதவுவது, விலைக்குரியதன்று. குடையோ நகரத்திலிருந்து பணங் கொடுத்துப் பெறப்படுவது. கிரி மாமா அதைப் பயன்பாட்டுக்காகவே வாங்குகின்றார். ஆயின், களவுபோன குடைகள் ஒருங்கே மீட்கப்பட்டபோது, ஒருவருக்கு வேண்டியதிலும் மிகையான குடைகள் அவர் வசமாகின்றன. அக்கணமே அவை சரக்காக மாறுகின்றன, வாங்குபவர் விற்பவராகின்றார். வணிக மூலதனத்தின் தோற்றத்தை இத்துணை எளிமையாகச் சொல்லும் சிறுவர் கதை பிறிதொன்றைக் காண்பதரிது. குரங்கிற்கோ குடை விற்பனைக்குரிய பொருளன்று. வெறும் விளையாட்டுப் பொருளே. மனிதரின் சொத்துறவை அறியாத அதனைக் கள்வன் எனத் தலைப்பு அழைப்பதிலே நகை பிறக்கின்றது. தண்டனைக்குப் பதிலாக ஒரு குடை பங்காகக் கிடைப்பதே கதையின் மனிதாபிமானம். களவு செய்தவன் கெடுவான் என்ற நீதியை வெத்தசிங்க சொல்லவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

குடை என்ற பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நமது இலக்கிய மரபிலே வெண்கொற்றக் குடை அரசனின் ஆட்சிக்குக் குறியீடு. கிராமச் சடங்குகளிலும் குடை, கொடி, ஆலவட்டம் என்பன இன்னாருக்கே உரியவை என வரையறுக்கப்பட்டிருந்தன. அத்தகைய பொருளை மழையில் நனையும் சாதாரணக் கிராமத்தவனின் கையிலே தருவதன் மூலம் இச்சித்திர நூல் அதன் மேன்மையைக் களைந்துவிடுகின்றது. ஓவியங்களும் இந்நோக்கிற்கு இசைவானவையே. ஐரோப்பியத் தூரக்காட்சி விதிகளுக்குள் அடங்காத வளைகோடுகள், தட்டையான வர்ணப் பரப்புக்கள் என்பன விகாரைச் சுவரோவிய மரபினை நினைவூட்டுகின்றன. சொற்கள் சில, கதையின் பெரும்பகுதியைச் சித்திரமே சொல்கின்றது. எழுத்தறியாத குழந்தையும் வாசகனாகும் உரிமையைப் பெறுகின்றது.

எனினும், இவ்வுலகின் எல்லைகளையும் சுட்டுதல் விமர்சனத்தின் கடன். வெத்தசிங்கவின் கிராமத்திலே நிலவுடைமையாளன் இல்லை, குத்தகை இல்லை, கடன் இல்லை. அதே தென்கரையோரத்துக் கொக்கலையிலே பிறந்த மார்ட்டின் விக்கிரமசிங்க, 1944இல் எழுதிய ‘கம்பெரலிய’ நாவலில், பணப் பொருளாதாரம் பழைய கிராமக் குடும்பமொன்றைச் சிதைக்கும் அவலத்தைச் சித்திரித்தார். நாவல் அவலமாகக் கண்ட மாற்றத்தைச் சித்திர நூல் அங்கதமாகக் காண்கின்றது. சிறுவர் நூலிலே அவலம் வேண்டும் என நாம் வாதிடவில்லை. ஆனால், கிராமம் முரண்பாடற்ற ஒரு குடும்பமாகவே காட்டப்படும்போது, நகர மத்தியதர வர்க்கத்தின் ஏக்கம் கிராமத்தின் மெய்ந்நிலைக்குப் பதிலாக அமர்ந்துவிடுகின்றது.

1956 என்ற ஆண்டும் நமது கவனத்திற்குரியது. சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியதும், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. சுதேச மொழி கற்ற புதிய வாசகர் கூட்டமும் கிராமிய மரபினை நாடிய புத்திஜீவிகளும் சந்தித்த அவ்வெழுச்சியின் இளைய பிள்ளையாகவே குடைக் கள்வனைக் கருதல் வேண்டும். அதே ஆண்டில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்த கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. ஒரு மொழியின் குழந்தைக்குச் சித்திர நூல் கிடைத்த காலம், மற்றைய மொழியின் குழந்தைக்கு அரசிடம் தன் மொழி செல்லாது என்று உணர்த்தப்பட்ட காலமுமாகும். இதற்கு நூலாசிரியர் பொறுப்பாளியல்லர். ஆயினும், இவ்விரட்டைத் தன்மையை மறந்து அவ்வெழுச்சியை மதிப்பிடல் இயலாது.

தமிழ்ப் பக்கத்திலும் எழுச்சி நிகழாமலில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றை மேடையேற்றியபோது மட்டக்களப்புக் கூத்து மரபு புதுவாழ்வு பெற்றது. அம்முயற்சியிலே உருவான சி. மௌனகுரு, பின்னர் ‘தப்பி வந்த தாடி ஆடு’, ‘வேடனை உச்சிய வெள்ளைப் புறாக்கள்’ ஆகிய சிறுவர் நாடகங்களை எழுதினார். ‘உச்சிய’ என்ற பேச்சுவழக்குச் சொல்லே தலைப்பிலேறியது தற்செயலன்று. குழந்தையின் மொழி இலக்கியத் தகுதி பெற்றதன் அடையாளம் அது. ஆனால், இவ்வெழுச்சி களரியிலே நிகழ்ந்த அளவுக்குச் சித்திர நூலிலே நிகழவில்லை. ஏன்?

காரணத்தை ஆற்றலின்மையிலே தேடுதல் பிழை. ஈழத்துத் தமிழ்ச் சிறுவர் இலக்கியம், 1935ஆம் ஆண்டின் ‘பிள்ளைப் பாட்டு’ முயற்சி தொட்டு, நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாடல்கள் ஊடாக, பாடசாலையைச் சார்ந்தே வளர்ந்தது. மனனஞ் செய்யும் பாட்டுக்கு வர்ண அச்சு வேண்டியதில்லை. சித்திர நூலுக்கோ ஓவியர், வர்ண அச்சு, போதிய பிரதிகளை வாங்கவல்ல சந்தை ஆகிய மூன்றும் வேண்டும். எண்ணிக்கையிற் சிறிய ஈழத் தமிழ்ச் சந்தையில், தமிழகத்திலிருந்து வந்த இதழ்களும் நூல்களும் நிறைந்திருந்த சூழலில், அத்தகைய முதலீட்டைச் செய்யத்தக்க பதிப்பகம் உருவாதல் அரிதாயிற்று. பின் வந்த நெடும்போர், இருந்த வாய்ப்புக்களையும் குலைத்தது. இத்தனைக்கும் நடுவே மட்டக்களப்பிலிருந்து ஓ. கே. குணநாதன் போன்றோர் சிறுவர் நூல்களை இடைவிடாது எழுதி வந்தமை மதிக்கத்தக்க உழைப்பாகும்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிலைமை ஒருவாறு மாறியது. 2005 முதல் இலங்கையிலே பணியாற்றத் தொடங்கிய ‘ரூம் ரு ரீட்’ நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் சித்திர நூல்களை வெளியிட்டது. நூலே காணாத வகுப்பறைக்கு வர்ணப் புத்தகம் வந்தமை நன்மையே. ஆயின், உதவி நிதியைச் சார்ந்த உற்பத்தி, நிதி நின்றால் நின்றுவிடும் இயல்பினது. எப்பிரதேசத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற தேவை, எப்பிரதேசத்துக்கும் உரியதல்லாத கிராமமொன்றைச் சித்திரிக்கும்படி ஆசிரியரைத் தூண்டுவதும் உண்டு.

வாவிக்கரையோ தனக்கே உரிய உலகைக் கொண்டது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயலும் மாடும் நிறைந்த படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையிலே மக்களும் பண்டங்களும் தோணியிலும் பாதையிலுமே அக்கரை சேர்ந்தனர். கிரி மாமாவின் குடை இவ்வாவியைக் கடந்திருந்தால் யாரைச் சந்தித்திருக்கும்? போடியாரையும், அவரது வயலிலே கூலிக்கு உழைப்பவனையும், எழுவான்கரையிலிருந்து சரக்கேற்றி வரும் முஸ்லிம் வணிகனையும், வலைவீசும் மீனவனையும் சந்தித்திருக்கும். அந்தக் குடையை யார் பிடிக்கலாம், யார் பிடிக்கலாகாது என்ற வினாவும் எழுந்திருக்கும். வெத்தசிங்க தவிர்த்த முரண்பாடுகளை நகைச்சுவை குன்றாமலே குழந்தைக்குச் சொல்லவல்ல களம் இது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நீரைப் பகிர்ந்து வாழ்ந்ததையும், அவ்வுறவிலே குருதி சிந்தியதையும் அறிந்த மண் இது. அதன் குழந்தைகளுக்கு மற்றவரை மனிதராகக் காட்டும் சித்திரம் அலங்காரமன்று, அவசியம்.

வெத்தசிங்கவின் இறுதிக்கால முயற்சியொன்று இங்கே வழிகாட்டுகின்றது. 2020இல் வெளிவந்த ‘அதிசயப் பளிங்கு’ என்னும் கதைக்கு நாட்டின் சிறுவர்களே முடிவுகளை எழுதினர். அவற்றுள் 1,250 முடிவுகள் நூலில் இடம்பெற்று உலக சாதனையாகப் பதிவாயின. சாதனை என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு நோக்கின், நுகர்வோனாக மட்டும் கருதப்பட்ட குழந்தை அங்கே ஆக்குவோனாகவும் மாறியமை புலனாகும். வசந்தன் ஆட்டத்திலே கோலெடுத்து ஆடிய சிறுவர்களைக் கொண்ட மட்டக்களப்புக்கு இது புதிய கருத்தன்று. களரியிலே எப்போதும் நிகழ்ந்ததே. அந்தக் கூட்டாக்க மரபினை அச்சுப் பக்கத்திற்குக் கொணர்தல் வேண்டும். அதற்குத் தனியொரு எழுத்தாளரின் ஆர்வம் போதாது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் ஓவியரும் ஆசிரியர் சங்கங்களும் கூட்டுறவு முறையிலே வெளியீட்டில் இறங்குதல் வேண்டும். அதுவரை வாவிக்கரைக் குழந்தை பிறர் கிராமத்து மழையையே தன் நூலில் கண்டு கொண்டிருக்கும்.