வளைந்த திருமதில்

திருவரங்கத்தின் ஏழு ப்ராகாரங்களையும் எபனேசர் ஹோவர்டு வரைந்த ‘தோட்ட நகர’த்தையும் அருகருகே வைத்து, முன்னது பின்னதற்கு முன்னோடி என்பாருளர். நடுவைச் சூழ்ந்த சுற்றுகள் இரண்டிலும் உள்ளன என்பதே அவர்கள் காட்டும் ஆதாரம். இவ்வொப்புமை கண்ணளவில் நிற்கும், பொருளளவில் நில்லாது.

1898-ல் வெளியான ஹோவர்டின் நூல், லண்டன் நெரிசலுக்கு மாற்றாக 6,000 ஏக்கரில் 32,000 பேர் வாழும் ஊரைக் கற்பித்தது. அதில் 1,000 ஏக்கர் நகரம். எஞ்சியது வேளாண் நிலம். நடுவில் பூந்தோட்டம், அதைச் சூழ நகர மன்றம், நூலகம், மருத்துவமனை. தேவாலயங்களுக்கோ வீடுகளினிடையே செல்லும் அகன்ற வட்டச் சாலையில் இடம். நிலமதிப்பின் உயர்வு ஊர்ப் பொதுவுக்கே சேரவேண்டும் என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. ஒப்பிடுவோர் இதைத் தொடுவதேயில்லை. வட்டம் ஒன்றே அவர்களுக்குப் போதும்.

திருவரங்கத்தில் பெருமாள் முன்னே, ஊர் பின்னே. 156 ஏக்கர் பரப்பில் மதில்களும் மண்டபங்களும் பல நூற்றாண்டுகளில் பலர் கைங்கர்யமாக எழுந்தவை. தெற்கு ராஜகோபுரம் 1987-ல்தான் நிறைவுற்றது. நம்பெருமாள் புறப்பாடு கண்டருளும் வழி என்பதே திருவீதிக்குப் பொருள். குடியிருப்பு அதன் இருமருங்கும் ஒதுங்கி நிற்பது. இதனை ஒரே கையால் வரையப்பட்ட ‘திட்டம்’ என்று புகழ்ந்தால், அதிலுள்ள கோணலெல்லாம் பிழையாகிவிடும். பிழை என்றானபின் திருத்தவும் ஒருவர் வருவார்.

அக்கோணலின் பெருமையைப் பெரியோர் ஓர் ஐதிஹ்யத்தால் அருளிச்செய்வர். திருமங்கையாழ்வார் திருமதில் கட்டிவருகையில், தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருநந்தவனம் குறுக்கிட்டது. மதிலும் பெருமாளுக்கே, மாலையும் பெருமாளுக்கே. எனினும் ஆழ்வார் நந்தவனத்தில் கைவையாமல் மதிலை ஒதுக்கிக் கட்டுவித்தார்.

ஹோவர்டும் வட்டத்தில் பிடிவாதம் கொண்டவரல்லர் என்பதைச் சொல்லியாகவேண்டும். தாம் வரைந்தது மாதிரி மட்டுமே, உண்மை அமைப்பு நிலத்தைப் பார்த்தே முடிவாகும் என்று படத்திலேயே குறித்தார். 1903-ல் தொடங்கிய லெட்ச்வொர்த் நகரை அன்வினும் பார்க்கரும் அவ்வாறே நிலத்துக்கு இசைய அமைத்தனர். அங்கு அந்த வட்டங்கள் இல்லை. அங்கே வரைபடம் நிலத்துக்கு இணங்கியது. இங்கே ஓர் அடியாரின் கைங்கர்யம் மற்றோர் அடியாரின் கைங்கர்யத்துக்கு வழிவிட்டது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இணங்குவது கட்டுவோர் அனைவர்க்கும் பொது. துளசிப் பாத்திக்காக மதில் வளைவதற்குப் பாகவத சேஷத்வம் தெரிந்திருக்கவேண்டும்.

இதனால் உகந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தம் நந்தவனக் கருவிக்கு ‘அருள்மாரி’ என்று திருமங்கையாழ்வாரின் திருநாமத்தையே சாத்தினார்.