கடலடியின் எண்கள்

நெய்வேலிக்காரர்களுக்கு ஆழத்தை அளப்பது புதிதல்ல. சுரங்கத்தின் படிக்கட்டுகளை அளந்துதான் ஊரே வாழ்கிறது. ஆனால் கிழக்கே, கடலூர்த் துறைமுகத்துக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத தரையை ஒருவர் அளந்து தாளில் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பெரிய வியப்பு.

கடல்வரைபடத்தில் நீலமும் வெள்ளையும் அழகுதான். நான் ரசிப்பது அதில் இறைந்துகிடக்கும் சிறு எண்களை. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கடலில் இறக்கி, ஆறடி கொண்ட பாகங்களாக எண்ணி அளந்த ஆழங்கள் அவை. குண்டின் அடிக்குழியில் மிருகக் கொழுப்பைப் பூசுவார்கள். மணலோ சேறோ சிப்பியோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதுவும் படத்தில் ஏறும். பிறகு கடல் மிகத் தாழும் வற்றுமட்டத்துக்கு எல்லா அளவையும் குறைத்து எழுதுவார்கள். மாலுமிக்கு எண் சொல்வதைவிடக் குறைந்த தண்ணீர் அநேகமாகக் கிடைக்காது. எவ்வளவு அக்கறையான கணக்கு!

இந்தக் கலைக்குச் சென்னையோடு உறவுண்டு. 1753இல் கம்பெனி எழுத்தராக அங்கே வந்திறங்கிய அலெக்சாண்டர் டால்ரிம்பிள்தான் 1795இல் பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீரளவையாளரானார். இன்று நம் கடல்களின் படங்களை வெளியிடும் தேசிய நீரளவை அலுவலகம் இருப்பதோ, கடலே இல்லாத டேராடூனில். 2024இல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் சந்தாயக் போன்ற கப்பல்கள் ஈயக்குண்டுக்குப் பதில் ஒலியலைகளை இறக்கி, அகன்ற பட்டையாகக் கடலடியை அளந்து அனுப்புகின்றன.