சராயும் இல்லமும்

பழம்பெருமை வாய்ந்த ஹோட்டலில் தங்குவதா, புதுப் பாணியில் தோன்றியுள்ள சிறிய பூட்டிக் ஹோட்டலில் தங்குவதா என்னும் வினாவைப் பயணிகள் வாடகையையும் வசதியையும் மட்டும் கொண்டு தீர்த்துவிடுகின்றனர். ஈரானைப் பொறுத்தவரை அஃது அவ்வளவில் தீரும் வினாவன்று. அங்கே இருவகை விடுதிகளுக்கும் பழைய கட்டடங்கள் இடமளித்திருக்கின்றன. ஆகவே, எந்தக் கட்டடம் யாருக்காக எழுந்தது என்று நாம் கேட்டாக வேண்டும்.

இஸ்ஃபஹானின் அப்பாஸி ஹோட்டலை முதலில் நோக்குவோம். பெயரைக் கேட்டதும், 1588 முதல் 1629 வரை ஆண்ட ஷா அப்பாஸ் கட்டியதென்றே எண்ணத் தோன்றும். உண்மை வேறு. 1694 முதல் 1722 வரை ஆண்ட ஷா சுல்தான் ஹுஸைன் காலத்தில், சஹார்பாக் மதரஸா, அதனையொட்டிய கடைவீதி, இந்தச் சராய் ஆகிய மூன்றும் ஒரே திட்டமாக எழுந்தன. மன்னரின் தாயாரைக் குறித்து அம்மதரஸாவுக்கு ‘மாதரே ஷா’ என்ற பெயரும் வழங்கியது. கடைகளின் வருவாயும் சராயின் வருவாயும் மதரஸாவுக்கு வக்ஃபு செய்யப்பட்டன. வணிகர் தந்த வாடகை மாணவரின் ரொட்டியாயிற்று. வக்ஃபின் உணவை உண்டு ஓதிய நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி வெறும் தகவலன்று.

பின்னாளில் சிதைந்து கிடந்த சராயை ஹோட்டலாக்கிக் காக்கலாம் என்ற யோசனையை 1950களில் பிரெஞ்சு அறிஞர் ஆந்த்ரே கொதார் முன்வைத்தார். இன்று அங்கே நாம் காணும் ஓவியமும் கண்ணாடி வேலையும் பெரும்பாலும் 1960களின் கைவண்ணமே. முற்றமும் வளைவுகளும் பழையவை, அலங்காரம் புதியது. இரண்டையும் ஒன்றாக்கி ‘ஸஃபவி மாளிகை’ என்று போற்றுவது பிழை. அது மாளிகையன்று, ஒட்டகங்களோடு வந்தோர் இளைப்பாறிய இடம்.

இனி, காஷானின் ஆமிரி இல்லம். 1778ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் அழிந்த அந்நகரம் மீண்டெழுந்த காலத்து மாளிகை அது. இன்று பூட்டிக் ஹோட்டலாக விளங்குகிறது. மண்ணாலான வீடு ஆளின்றிக் கிடந்தால் கரைந்துபோகும். விருந்தினர் தரும் பணமே அதனைக் காக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அத்தகைய இல்லத்தில் ‘பீரூனி’ எனும் புறக்கட்டு விருந்தினர்க்கும், ‘அந்தரூனி’ எனும் அகக்கட்டு குடும்பத்தார்க்கும் உரியவை. அந்நியர் பார்வை படாதிருக்கவே அமைத்த அகக்கட்டில் இன்று அந்நியர் உறங்குகின்றனர். சுவர் பிழைத்தது; சுவரின் நோக்கம் பிழைக்கவில்லை.

விடுதியைக் குறிக்கும் ‘ஃபுந்துக்’ என்னும் அரபுச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் ‘அனைவரையும் ஏற்பது’ என்பதாம். இந்த அளவுகோலை வைத்தால் நம் தேர்வு சராயே. முஸாபிருக்காகக் கட்டியதில் முஸாபிர் இன்றும் தங்குகிறார். வசதி படைத்தவர்க்கே அவ்வாசல் எளிது என்பது அதன் குறை. அக்குறை காஷானுக்கும் உண்டு.

எனினும், சராயைத் தேர்ந்தோர்க்கு ஒரு கடமை உண்டு. முற்றத்தில் அமர்ந்து தேநீர் அருந்துகையில் மேலே தெரியும் நீலக் குவிமாடத்தை அழகிய பின்னணியென எண்ணிவிடலாகாது. அந்த மதரஸாவுக்காகவே இந்த முற்றம் எழுந்தது.