கப்பலேறாத நூலுக்குக் கப்பற்கூலி

அச்சு நூலின் விலை நாட்டுக்கு நாடு வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. தாள், கப்பற்கட்டணம், சுங்கம், கிடங்கு வாடகை, கடைக்காரரின் ஆதாயம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதை வாசகர் அறிவர். கப்பலேறாத மின்னூலுக்கும் அவ்வாறே விலை ஏறுமாயின், அதன் காரணத்தை வினவுதல் முறையேயாகும்.

2009ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் அமேசான் நிறுவனம் தனது 'கிண்டில்' படிப்புக் கருவியை நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு விற்கத் தொடங்கிற்று. அமெரிக்காவில் 9.99 டாலருக்கு விற்ற நூல்கள் பல, பிறநாட்டு வாசகர் பலருக்கு 11.99 டாலராயின. வெளிநாடுகளில் நடைமுறைச் செலவு மிகுதி என்பதே நிறுவனம் கூறிய விடை. கம்பியில்லாத் தொடர்பின் வழி நூலை அனுப்பச் செலவுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எழுத்து மட்டுமே கொண்ட நாவல், பெரும்பாலும் இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்தினும் சிறிய கோப்பு. அதனை அனுப்ப இரண்டு டாலர் என்பது நம்பத்தக்க கணக்கன்று.

அங்ஙனமாயின், எங்கும் ஒரே விலைதான் நீதியோ? அன்று. பிரிட்டிஷ் அரசின் உதவியால் வளரும் நாட்டு மாணவர்க்கென வெளிவந்த இ.எல்.பி.எஸ். மலிவுப் பதிப்புகளை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாங்குவோரின் வருவாயை நோக்கி விலை இறங்கியபோது, அதனைப் பாகுபாடு என்று அவர்கள் பழிக்கவில்லை. இங்கோ விலை ஏறியது. வருவாய் குறைந்த நாட்டவர்க்கும் ஏறியது.

பதிப்பாளர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. பதிப்புரிமை நாடுவாரியாகப் பிரித்தே விற்கப்படுகிறது என்பர். உண்மைதான். 1947இல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தமக்குள் செய்த உடன்படிக்கை, காமன்வெல்த் நாடுகளைத் தங்கள் சந்தையாக வகுத்துக்கொண்டது. அமெரிக்க அரசு தொடுத்த வழக்கால் 1976இல் அது முடிவுற்றது. உடன்படிக்கை போயிற்று, வேலி போகவில்லை.

அச்சு நூலுக்கு அவ்வேலியில் ஒரு வாயிலேனும் இருந்தது. கிர்ட்சேங் என்னும் தாய்லாந்து மாணவர் அமெரிக்காவில் பயின்ற காலத்தில், தாய்நாட்டில் மலிவாகக் கிடைத்த ஆங்கிலப் பாடநூல்களை உற்றார் வழி வரவழைத்து அங்கு விற்றார். ஜான் வைலி பதிப்பகம் வழக்காடியது. முறைப்படி வாங்கிய நூல் எந்நாட்டில் அச்சானதாயினும், வாங்கியவர் அதனை மறுபடி விற்கலாம் என 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மின்னூல் வாசகர்க்கு அவ்வாயிலும் இல்லை. அவர் பணங்கொடுத்துப் பெறுவது நூலன்று, படிக்கும் உரிமம் மட்டுமே. பழைய மின்னூலைப் பதிப்புரிமையாளரின் இசைவின்றி மறுவிற்பனை செய்தல் ஆகாதென 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் கூறிவிட்டது. இணைய வணிகத்தில் நாட்டெல்லை காட்டி வாடிக்கையாளரை ஒதுக்குவதைத் தடுக்க அவ்வொன்றியம் 2018இல் நடைமுறைப்படுத்திய சட்டமோ, அத்தடையிலிருந்து மின்னூலுக்கு விலக்களித்தது. விலை குறைந்த நாட்டில் வாங்கும் வழியை அடைத்து, வாங்கியதை விற்கும் உரிமையையும் மறுத்தபின், மேல்விலைக்குக் காரணங்கூற வேண்டிய கட்டாயம் விற்பவர்க்கு இல்லாமற்போகிறது.