படைத்தவன் பொறுப்பும் ஜஸ்டின் வழக்கும்: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ புதினத்தை முன்வைத்து

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818ஆம் ஆண்டு இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தான் உயிரூட்டிய உருவத்தை அந்த இரவிலேயே வெறுத்துக் கைவிடுகிறான்; கைவிடப்பட்ட அவ்வுயிர் பின்னர்க் கொலைகள் புரிகிறது. அக்கொலைகளுக்குப் பொறுப்பு யாருடையது? புறக்கணிப்பே கொடுமையை விளைவித்தது, ஆதலின் குற்றம் படைத்தவனுடையது என்பது ஒரு விடை. அறிந்து செய்த கொலைக்குச் செய்தவனே பொறுப்பு என்பது மற்றொன்று. இரண்டும் பொறுப்பைப் பாகம் பிரிக்கும் சொத்தாகக் கருதுகின்றன; ஒருவர் பங்கு கூடினால் மற்றவர் பங்கு குறையும் என்பது அவற்றின் அடிப்படை. இவ்வடிப்படை பொருந்தாது என்பதை ஜஸ்டின் வழக்கு காட்டுகிறது.

விக்டரின் தம்பியாகிய சிறுவன் வில்லியமைப் படைப்புயிர் கொல்கிறது. அவன் அணிந்திருந்த சிற்றோவியத்தை, உறங்கிக்கொண்டிருந்த பணிப்பெண் ஜஸ்டினின் உடையில் மறைத்துவைக்கிறது. அவள் மீது கொலைப்பழி விழுகிறது. சமயகுருவின் அச்சுறுத்தலால் அவள் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள், தூக்கிலிடப்படுகிறாள். கொலையாளி யார் என்பதை விக்டர் உறுதியாக நம்பியிருந்தும் நீதிமன்றத்தில் வாய் திறக்கவில்லை. தன் கூற்று பித்தனின் பிதற்றலாகவே கொள்ளப்படும் என்பது அவன் கூறும் காரணம்.

இக்காரணம் முற்றிலும் பொய்யன்று. பின்னர் எலிசபெத் கொல்லப்பட்டதும் அவன் ஜெனீவாவில் நீதிபதி ஒருவரிடம் முழு வரலாற்றையும் கூறுகிறான். அவர் அதனை நோயின் விளைவாகவே எண்ணுகிறார். எனினும் இவ்விரு நிகழ்வுகளையும் ஒப்புநோக்குதல் தகும். நம்பப்படாமை என்னும் இடர் இரண்டிலும் ஒன்றே. மனைவியை இழந்தபோது அவ்விடரை ஏற்றுப் பேசியவன், பணிப்பெண்ணின் உயிர் ஊசலாடியபோது பேசவில்லை. ஆகவே இங்கு அவன் மீதுள்ள குற்றம் படைத்தமையும் அன்று, கைவிட்டமை மட்டுமும் அன்று; அறிந்தும் மறைத்தமையாகும்.

விக்டரின் குற்றம் இவ்வாறு உறுதிப்படுவதால் படைப்புயிரின் குற்றம் குறைந்துவிடுவதில்லை. மறைந்திருந்து ஒரு குடும்பத்தைக் கவனித்து மொழி கற்று, மில்டனையும் புளூட்டார்க்கையும் படித்த உயிர் அது. பரிவின் பொருளை அறிந்தே ஜஸ்டினைச் சிக்கவைத்தது. அதன் தனிமை அச்செயலுக்கு விளக்கம் ஆகலாம், விலக்கு ஆகாது.

1831ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் ஊழின் பிடி வலுப்பெறுவதால் விக்டரின் தன்விருப்பம் சுருங்கித் தோன்றுகிறது. ஆயினும் வழக்கு மன்றத்தில் அவன் காக்கும் மௌனம் அப்பதிப்பிலும் நீங்கவில்லை.

புதினத்தின் இறுதிப் பகுதியும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. இறக்கும் தறுவாயில் விக்டர், படைப்பின் நலனுக்குத் தான் கடமைப்பட்டவன் என ஒப்புகிறான். எனினும் மனித இனத்தின்பால் உள்ள கடமையே பெரிதெனக் கூறித் தன் நடத்தையில் பழி காணாதொழிகிறான். படைப்புயிரோ அவன் உடலருகே நின்று தன் கொலைகளை நொந்து தன்னையே வெறுக்கிறது. அதேவேளை, தன்னை விரட்டியவர்கள் இருக்கத் தான் மட்டுமே குற்றவாளியா என்றும் வினவுகிறது. குற்றத்தை ஏற்றலும் பிறர் குற்றத்தைச் சுட்டலும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. படைத்தவனின் பொறுப்பு, படைப்பின் குற்றத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வதன்று. கைவிட்டதற்கும், தீங்கு நேர்ந்தபின் உண்மையை மறைத்ததற்கும் அவனே விடை கூறவேண்டும். அக்கடன் படைப்பு தண்டிக்கப்படுவதால் தீராது.