கூட்டுக் குரலும் தனிக் குரலும்

மார்கழி என்றதும் சபாக்களையே நினைக்கப் பழகிய சென்னையில், மார்கழி முடியுமுன்னே, 2018 சனவரி 6 அன்று, கீழ்ப்பாக்கத்துத் திடலில் வேறோர் இசை எழுந்தது. சாவு வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட பறையும், சட்டியும், கட்டமோளமும் கிதாருக்குச் சரிநிகராய் மேடையேறின. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் திரட்டிய 19 பேர் குழு அது: ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. பெயர் ஆங்கிலம், பொருளோ, அயோத்திதாசப் பண்டிதர் அன்றே மொழிந்த ‘சாதிபேதமற்ற தமிழர்’!

நம் இயக்க மேடைகளில் நாகூர் ஹனிபாவின் குரல் கொள்கையை ஊரூராய்க் கொண்டு சென்றது. தலைவரைப் பாடிய மரபு அது. இவர்களோ கானாவையும் ராப்பையும் ராக் இசையோடு இணைத்து, இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சியையும் ஆணவக் கொலையையும் பாடினர். கானாவுக்கே உரிய எள்ளல் துள்ளும் இடங்களில் பாடல் வெல்கிறது. வெறும் முழக்கம் மிஞ்சும் இடங்களிலோ கைதட்டலோடு கரைந்து போகிறது. குறையைக் கூறாமல் விடுவது கலைக்குச் செய்யும் உதவியாகாது.

அதனினும் பெரிய சிக்கல் வெளியிலிருந்து வந்தது. 2021இல் குழுவின் கவிஞர் அறிவு எழுதிப் பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையிலோ அவர் முகம் இல்லை! இரஞ்சித் கண்டித்த பின்னரே இணைய அட்டையில் இடம் கிடைத்தது. கானாப் பாடகி இசைவாணியை 2020இல் பி.பி.சி. நூறு பெண்களுள் ஒருவராகப் போற்றியது. பெண்களின் கோவில் நுழைவுரிமையைப் பேசிய குழுவின் பழைய பாடலுக்காக, 2024 நவம்பரில் வசைமழை பெரிதும் அவர்மீதே பொழிந்தது. புகழைப் பங்கிடும்போது சந்தை ஒருவரை மறைக்கிறது. பழி சுமத்தும்போது வைதிகம் ஒருவரையே தேடிப் பிடிக்கிறது. கூட்டுக் குரலைக் கலைக்க இவ்விரண்டும் போதுமன்றோ?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்து ஆலைகளுக்கு விரையும் இளைஞர் இப்பாடல்களைச் செவியில் மாட்டிக்கொள்கின்றனர். ஆலையில் ஒரே வரிசை. ஊர் திரும்பினால் ஊரும் சேரியும்! செவியில் ஏறிய பறை தெருவில் இறங்க வேண்டாமா? பாடகி தாக்கப்படும் நாளில் நாம் வாய்மூடி இருந்தால், நம் கைதட்டலுக்குப் பொருளேது? சாதியற்ற கூட்டம் மேடையோடு முடிந்துவிடக் கூடாது. கேட்கும் நாமும் அக்குழுவின் குரலாக வேண்டும்.