கட்டாயம் எவருக்கு? இடைநிலைப்பள்ளித் தமிழும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும்

இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாதல் வேண்டும் என்னும் கோரிக்கை ஜோகூர்த் தமிழாசிரியரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. அதன் உணர்வை நாம் மதிக்கிறோம். ஆயினும் அக்கட்டாயம் மாணவர்க்கா, பள்ளிக்கா என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, தேசிய இடைநிலைப்பள்ளியை வரையறுக்குமிடத்து மொழிகளை மூவகையாகப் பிரிக்கிறது. அப்பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கோரினால், சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்யப்படல் வேண்டும். பூர்வகுடி மொழிகளுக்கு இக்கோரிக்கையோடு, நடைமுறைக்கு இயல்வதாயின் என்னும் நிபந்தனையும் உண்டு. அரபு, ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு முதலிய அயல்மொழிகளோ, இயலுமாயின் கற்பிக்கப்படலாம் என்ற அளவில் நிற்கின்றன. 'வேண்டும்' என்பதற்கும் 'லாம்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இலக்கணம் கற்பிப்போர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தமிழையும் பிரெஞ்சையும் விருப்பப் பாடங்கள் என ஒருசேர வைத்துப் பேசுவோர் (நம்மவருள்ளும் இத்தகையோர் உளர்) சட்டம் தந்த இடத்தைத் தாமே விட்டுக்கொடுக்கின்றனர்.

'பள்ளியில்' என்னும் சொல்லும் ஊன்றிப் படிக்கத்தக்கது. ஒரு வகுப்பில் 15 பேர் எனச் சட்டம் கூறவில்லை. படிவத்திற்கு மூவர் வீதம் ஐந்து படிவங்களிலும் இருப்பின் எண்ணிக்கை நிறைந்துவிடுகிறது. ஆனால் மூவர்க்கு ஒரு வகுப்பெனக் கால அட்டவணையில் இடம் காண்பது எளிதன்று. ஆகவே பல பள்ளிகளில் தமிழ், பள்ளி நேரத்திற்குப் பிந்திய வகுப்பாகத் தள்ளப்படுகிறது. தமிழ்ப்பள்ளிகளோ ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகின்றன. குளுவாங், சிகாமட் வட்டாரத் தோட்டப்புறங்களிலிருந்து பேருந்தில் வரும் பிள்ளை, கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுத் தமிழ் பயிலுமா? விருப்பப் பாடம் என்பதன் உண்மைப் பொருள் இங்கேதான் வெளிப்படுகிறது.

கோரும் உரிமையைப் பெற்றோர்க்கு யார் அறிவிப்பது என்பது குறித்து அவ்விதி ஒன்றும் கூறவில்லை. 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாக வரையறுக்கும் அறிவிப்பு வந்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் நலியுமெனச் சமூகம் கிளர்ந்தெழுந்தது. பன்னிரண்டு பாடங்கள் வரை எடுக்க அரசும் இசைந்தது. அவ்வெழுச்சியில் நூற்றிலொரு பங்கேனும் முதற்படிவப் பதிவு நாளில் காணப்படுவதில்லை.

கட்டாயத்தை வேண்டுவோர் பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரைச் சுட்டுவர். அங்கு 1966 முதல் இடைநிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயம். எனினும் அங்குள்ள இந்தியருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர், 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 42.9 விழுக்காட்டினராக இருந்து 2020இல் 27.3 ஆகக் குறைந்தனர். பிற இந்திய மொழியினரின் குடியேற்றத்திற்கும் இதில் பங்குண்டு. பள்ளியைமட்டும் குறைகூறல் நேர்மையன்று. எவ்வாறாயினும் அங்கு வகுப்பறையும் ஆசிரியர் பணியிடமும் உறுதியாயின. நம்மிடம் இல்லாதவை இவ்விரண்டே.

எனவே மாணவரைக் கட்டாயப்படுத்துவதினும், வழங்கும் கடமையைப் பள்ளிமீது வைப்பதே பொருத்தமென்பது நம் கருத்து. முதற்படிவச் சேர்க்கைத் தாளிலேயே பெற்றோர் கோரிக்கையை அச்சிட்டு, வேண்டாதவர் அடித்துவிடுமாறு செய்யலாம். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. அண்டைப் பள்ளிகள் இரண்டு மூன்றின் மாணவரைக் கூட்டி எண்ணுவதற்கோ, 'பள்ளியில்' என்னும் அச்சொல்லையே திருத்தியாக வேண்டும்.